மூன்றாவது மேஜையின் திரை

ஒரே ஒரு விஷயத்துக்காகப் பதிவறைக்காரி ஒன்பது வருடம் கணவரிடம் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தியிருக்கிறாள். இருவருக்கும் ஒரே மருத்துவமனை, ஒரே பதிவறை. அவளுக்கு முதல் மேஜை, அவருக்கு மூன்றாவது. மேஜைக்கு மேஜை திரையோடு சாப்பாட்டு டப்பா அளவில் ஒரு டெர்மினல் பெட்டி. பெட்டிக்குள் ஒன்றும் கிடையாது. பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்தால் மாடியிலிருக்கும் சர்வரில் வேலை திறக்கும். கண்முன் தெரிவது அதன் படம்தான். கிளம்பும்போது லாக் ஆஃப் கொடுத்து வேலையை மூட வேண்டும். அந்த மனிதரோ திரையை மட்டும் அணைத்துவிட்டு நடையைக் கட்டுவார். திறந்த வேலை சர்வரில் கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டிருக்கும். மறுநாள் எந்த மேஜையில் நுழைந்தாலும் விட்ட இடத்திலிருந்து வரும். வசதிதானே என்பார். சோம்பேறித்தனத்துக்கு அப்படியும் ஒரு பெயர்.

மாரடைப்பில் அவர் போய்ப் பன்னிரண்டு நாள். அவள் வேலைக்குத் திரும்பிய காலையில் சர்வர்காரர் தயங்கித் தயங்கி வந்தார். சார் கடைசியாகத் திறந்தது இன்னும் ஓடுகிறது, மதியம் சர்வரை நிறுத்தினால் சேமிக்காதது போய்விடும் என்றார். அவர் பாஸ்வேர்ட் அவளுக்குத் தெரியும். அவளைத் தவிர யாருக்கும் தெரியாது.

தன் மேஜையிலிருந்தே அவர் பெயரில் நுழைந்தாள். ஒரு விடுப்புக் கடிதம் பாதியில் நின்றது. ‘என் மனைவிக்குச் சில நாட்களாக மூச்சு வாங்குகிறது. கேட்டால் ஒன்றுமில்லை என்கிறாள். அவளை டாக்டரிடம்’. அதற்குமேல் கர்சர் மட்டும் துடித்தது. அவருக்குத் தெரியாமல் மறைத்துவிட்டதாகத்தான் இத்தனை நாள் நினைத்திருந்தாள். அவர் கடைசியாக எழுதியது இது ஒன்றுதான். எப்படியாவது காப்பாற்றிவிட வேண்டும்.

சேமிக்கக் கை போனபோது கடிதம் மறைந்தது. ‘வேறு டெர்மினலில் இதே பெயரில் நுழைந்திருக்கிறார்கள்’ என்றது திரை. ஒரு பெயர் ஒரு நேரத்தில் ஒரு மேஜையில்தான் இருக்க முடியும்.

திரும்பினாள். மூன்றாவது மேஜையில் திரை எரிந்துகொண்டிருந்தது. நாற்காலி காலி. அறையில் அவளைத் தவிர ஆளில்லை.

மறுபடி பாஸ்வேர்டை அடித்தாள். கடிதம் வந்தது. சேமித்தாகியிருந்தது. முடிந்தும் இருந்தது. ‘அவளை டாக்டரிடம் இன்றே அழைத்துப் போக வேண்டும்.’

மூன்றாவது மேஜைப் பக்கம் திரும்பினாள்.

“போறேங்க,” என்றாள் காலி நாற்காலியிடம். “இன்னைக்கே போறேன்.”

லாக் ஆஃப் கொடுக்க விரல் வரவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாகத் திரையை மட்டும் அணைத்துவிட்டு டாக்டர் அறைக்கு நடந்தாள்.