ஜீப்பில் எனக்குக் கேட்காத சத்தம்

எனக்குக் கல்யாணமாகி மூன்றாம் வருஷம், நான் எழுத்தராக வேலை பார்த்துக்கொண்டிருந்த மீனவர் சங்கம் ஒரு புது ஜீப் வாங்கியது. எண்பதுகளின் தொடக்கம் அது. நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற வண்டி. சவுக்குத்தோப்பு மணலில் லாரி புதைந்துவிடும். மாட்டுவண்டி வந்து சேர்வதற்குள் இறால் கெட்டுவிடும். ஜீப் ஒவ்வொரு குப்பத்துக்கும் படகு வந்து நிற்கும் இடம் வரைக்கும் போய்க் கூடைகளை ஏற்றிக்கொண்டு, பழவேற்காட்டில் ஐஸ் போட்டு, பொன்னேரியில் ரயிலுக்குச் சேர்த்துவிடும்.

அதை ஓட்ட என் கணவரை எடுத்தார்கள். நான் சிபாரிசு செய்யவில்லை. மீனவர் வீட்டுப் பிள்ளைகளில் லைசென்ஸ் வைத்திருந்தவர் அப்போது அவர் ஒருவர்தான்.

அவர் கோட்டைக்குப்பத்துக்காரர். கடலுக்குப் போனால் அவருக்குக் குமட்டும். பதினைந்து வயதில் அப்பாவோடும் அண்ணனோடும் போய், அலை தாண்டுவதற்குள் சுருண்டு படுத்துவிடுவாராம். கரையில் பெண்கள்கூட கேலி செய்தார்களாம். அதனால்தான் மெட்ராசுக்கு ஓடிப்போய் லாரி செட்டில் சேர்ந்து, கிளீனராக இருந்து, ஓட்டக் கற்றுக்கொண்டு வந்தார். சங்கத்து ஜீப்பின் சாவி கைக்கு வந்த அன்று தன் அப்பாவிடம்தான் முதலில் போய்க் காட்டினார். "நைனா, இனிமே நான் கரையிலயே பொழைச்சுக்குவேன்" என்றார்.

அவருக்குக் காது மிகவும் கூர்மை. பம்ப் ஸ்டவ்வில் காற்றுக் குறைவதை எனக்கு முன்னால் அவர் சொல்லிவிடுவார். எங்கள் மகளுக்கு எட்டு மாதத்தில் சளி பிடித்தபோது அவள் முதுகில் காதை வைத்து, "இடது பக்கம் மட்டும் கரகரங்குது" என்றார். டாக்டரும் அதையேதான் சொன்னார். கேட்டதையெல்லாம் என்னிடம் வந்து சொல்வார். நான் அரைக்காதில் கேட்டுக்கொண்டே சமைப்பேன்.

ஜீப் வந்து இரண்டாவது மாதம், சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை நிறுத்திவிட்டுச் சொன்னார்.

"வண்டில ஒரு சத்தம் வருதுமே. பின்னாடி, கீழ. லோடு இருந்தாதான் வருது. ஆக்சிலேட்டர்லேர்ந்து கால எடுத்தா முனகுது."

"புது வண்டிதானே?"

"அதான் இன்னான்னு பாக்கணும்."

கம்பெனி ஒரு வருஷம் கேரண்டி கொடுத்திருந்தது. அதற்குள் எந்தப் பாகம் கெட்டாலும் அவர்களே மாற்றித் தருவார்கள். ஆனால் அவர்கள் ஒர்க்ஷாப்பைத் தவிர வேறு யாராவது திறந்து பார்த்தால் கேரண்டி போய்விடும். பொன்னேரியில் மெக்கானிக் ஷெட் வைத்திருந்த பழவேற்காட்டு பாய் ஒருவர், "அரை நாள் குடு, அவுத்துப் பாத்துச் சொல்லிடறேன்" என்று எத்தனையோ முறை சொன்னார். இவர் தொடவிடவில்லை. கேரண்டிச் சீட்டை நான்தான் தமிழில் படித்துச் சொல்லியிருந்தேன். அதில் இருந்தபடி ஒரு எழுத்துப் பிசகாமல் நடந்துகொண்டார்.

மூன்று முறை மெட்ராசுக்கு வண்டியைக் கொண்டுபோனார். முதல் முறை எண்ணெய் மாற்றி அனுப்பினார்கள். இரண்டாம் முறை, "ஜீப்னா சத்தம் வரத்தான் செய்யும், இது கார் இல்லப்பா" என்றார்கள். மூன்றாம் முறை வண்டியை நாலு நாள் நிறுத்தி வைத்து, தொடாமலேயே திருப்பிக் கொடுத்தார்கள். ஒவ்வொரு முறையும் இங்கே இறால் கூடைகள் வண்டிக்காகக் காத்துக் கிடந்தன. ஒரு தடவை பசியாவரத்திலிருந்து படகில் வந்த சரக்கு முழுவதையும் குழி தோண்டிப் புதைக்க வேண்டியதாயிற்று. சங்கத் தலைவர் என் மேஜைக்கு வந்து, "உன் வூட்டுக்காரனுக்குக் காதுல இன்னாமா கோளாறு?" என்று எல்லோர் முன்னிலையிலும் கேட்டார். சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

உண்மையைச் சொல்கிறேன், எனக்கும் அலுத்துப்போயிருந்தது. விடிந்தால் சத்தம், விளக்கு வைத்தால் சத்தம். கம்பெனிக்கு நான் எழுதிய கடிதங்களில் அவர் சொன்ன வார்த்தைகளை எழுதினேனே தவிர, எழுதிய எனக்கு நம்பிக்கை இல்லை. அது அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஒரு நாள் மத்தியானம் கூடைகளை ஏற்றிக்கொண்டு ஆபீஸ் வாசலில் வண்டியை நிறுத்தி, "பத்து நிமிஷம் வா, நீயே கேளு" என்றார்.

முன்சீட்டில் உட்கார்ந்தேன். பொன்னேரி ரோட்டில் வேகம் பிடித்தார். பின்னால் கூடைகளிலிருந்து ஐஸ் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கித்தான் கூரை படபடவென்று அடித்தது.

"இப்ப கால எடுக்கறேன். கேக்குதா?"

இன்ஜின் கேட்டது. காற்று கேட்டது. கூடைகள் ஒன்றோடொன்று உரசுவது கேட்டது. வேறு ஒன்றும் கேட்கவில்லை.

"இன்னொருவாட்டி. இப்ப... இப்ப பாரு. கேக்குதா?"

திரும்பி அவர் முகத்தைப் பார்த்தேன். குழந்தைக்கு அம்மை போட்டிருந்தபோது டாக்டரின் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றாரே, அப்படி இருந்தது.

"கேக்குது" என்றேன்.

"கேக்குதில்ல? எப்டி கேக்குது?"

"முனகுற மாதிரி" என்று அவருடைய வார்த்தையையே அவருக்குத் திருப்பிக் கொடுத்தேன்.

வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு ஸ்டீரிங்கைத் தட்டிச் சிரித்தார். "யப்பா! எனக்குத்தான் பைத்தியம் புடிச்சிடுச்சோன்னு பயந்துகினு இருந்தேன்" என்றார். அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் பார்த்ததில்லை. அன்று சாயங்காலம் எனக்கும் மகளுக்கும் பழவேற்காடு கடைத்தெருவில் ஜிலேபி வாங்கி வந்தார்.

அந்தத் தெம்பில்தான் அடுத்த கடிதத்தைக் கடுமையாக எழுதச் சொன்னார். கம்பெனியிலிருந்து ஒரு இன்ஜினியர் நேரில் வந்து பார்க்க வேண்டும் என்று எழுதினோம். கேரண்டி முடிய ஐந்து வாரம் இருக்கும்போது இன்ஜினியர் வந்தார்.

அவர் வந்த நாள் பார்த்துக் காற்று அடித்தது. இரண்டு நாளாக ஒரு படகும் இறங்கவில்லை. ஏற்றுவதற்கு ஒரு கூடை இறால்கூட இல்லை. வெறும் வண்டியை இன்ஜினியர் தாமே ஓட்டிக்கொண்டு போய் வந்தார். இறங்கி, "ஒரு சத்தமும் இல்லையே" என்றார்.

"லோடு ஏத்தணும் சார். லோடு இருந்தாதான் வரும்" என்றார் என் கணவர்.

"லோடு எங்க இருக்கு?"

இவர் ஓடிப்போய்க் காலிக் கூடைகளைக் கொண்டுவந்து, கரையில் குனிந்து ஈர மணலை இரண்டு கையாலும் வாரி வாரிப் போட ஆரம்பித்தார். உதவிக்கு ஒருவரும் போகவில்லை. நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாவது கூடை நிரம்புவதற்குள் இன்ஜினியர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். தலைவர் சத்தம் போட்டார்.

"போதும் நிறுத்துடா! சார் இன்னா உனக்கு மண்ணு சுமக்கவா வந்திருக்காரு? இந்தச் சத்தம் உன் ஒருத்தன் காதுக்குத்தான் கேக்குது!"

மணல் கையோடு நிமிர்ந்தார். "என் ஒருத்தனுக்கு இல்ல தலைவரே. என் பொண்டாட்டிக்கும் கேட்டுது. கூப்பிட்டுக் கேளுங்க."

கூப்பிட்டார்கள். போனேன். பத்துப் பதினைந்து பேர் நின்றிருந்தார்கள். இன்ஜினியர் மரியாதையாகத்தான் கேட்டார்.

"நீங்கதான் லெட்டர் எழுதினவங்களா? நீங்க கேட்டீங்களாம்மா? எந்த மாதிரிச் சத்தம்? தொடர்ந்து வருதா, விட்டுவிட்டு வருதா?"

தொடர்ந்தா, விட்டுவிட்டா? எதையாவது ஒன்றைச் சொல்லியிருக்கலாம். என் கணவரைப் பார்த்திருந்தால் சொல்லியிருப்பேன். தலைவரைப் பார்த்தேன். அவர் என்னை முறைத்துக்கொண்டிருந்தார்.

"எனக்குச் சத்தம் ஒண்ணும் கேக்கல சார்" என்றேன்.

அது உண்மை. அத்தனை நாள் சொல்லாமல் இருந்த உண்மையை அந்த இடத்தில்தான் சொன்னேன்.

என் கணவர் சண்டை போடவில்லை. கையிலிருந்த மணலை வேட்டியில் துடைத்துக்கொண்டார். சாவியைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து ஜீப் பானெட்டின் மேல் வைத்தார். நடந்து போய்விட்டார். வண்டியில் குறை இல்லை, டிரைவர் தேவையில்லாமல் புகார் செய்கிறார் என்று இன்ஜினியர் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். ஆபீஸ் முத்திரையை நான்தான் போட்டேன்.

சாயங்காலம் வீட்டில் சோறு போட்டேன். சாப்பிட்டார். கை கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்து கேட்டார்.

"அன்னிக்கு கேக்குதுன்னியே?"

"நீங்க சந்தோஷப்படுவீங்கன்னு சொன்னேன்."

திட்டப்போகிறார், அடிக்கப்போகிறார் என்று நினைத்தேன். திட்டியிருந்தாலும் தாங்கியிருப்பேன்.

"அப்போ நான் மட்டும்தான் கேட்டுகினு இருந்தேனா" என்றார். என்னைக் கேட்டதுபோல் இல்லை. தனக்கே சொல்லிக்கொண்டதுபோல் இருந்தது.

மறுவாரம் அண்ணன் படகில் கடலுக்குப் போனார். திரும்பி வந்து இறங்கும்போது முகம் வெளுத்துக் கிடந்தது. ஒரு மாதம் அப்படித்தான் இருந்தது. பிறகு குமட்டல் நின்றுவிட்டதா, நிற்காமலே பழகிக்கொண்டாரா, எனக்குத் தெரியாது. கேட்டால் "ஒண்ணுமில்ல" என்பார். சங்கத்துக்கு வேறு டிரைவர் வந்தார். அவருக்குச் சத்தம் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லக்கூடாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

கேரண்டி முடிந்து இரண்டாவது மாதம், அனுப்பம்பட்டு ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஜீப் நின்றுபோனது. பின்சக்கரம் இரண்டும் இறுகிவிட்டன. லாரியில் கட்டி இழுத்துப் பொன்னேரிக்குக் கொண்டுபோனார்கள். பாய் திறந்து பார்த்தார். மறுநாள் அவரே ஆபீசுக்கு வந்து, தலைவரைப் பார்க்காமல் என்னிடம் வந்தார்.

"தங்கச்சி, பின் அச்சுக்குள்ள பல்சக்கரத்துக்குப் பின்னாடி ஒரு தகடு போடணும். பேப்பராட்டம் மெல்லிசா இருக்கும். கம்பெனிக்காரன் மாட்டும்போதே விட்டிருக்கான். பல்லு பல்லோட சரியா உக்காரல. இது லோடு ஏத்தி ஓட்டினா சத்தம் குடுத்திருக்கும். அதுவும் கால எடுக்கும்போதுதான் குடுத்திருக்கும். உன் வூட்டுக்காரர் சொன்னாரே, அதேதான். அவர் காதுக்கு நாம சலாம் போடணும்."

அழுதுவிட்டேன். பாய்க்கு ஏனென்று தெரியவில்லை. தண்ணீர் கொண்டுவரச் சொன்னார்.

அந்த வருஷப் பொதுக்கூட்டத்தில் நான் எழுந்து நின்றேன். எழுத்தர் பேசுகிற வழக்கம் இல்லை. வண்டியின் குறை கம்பெனியிலிருந்து வந்த குறை, டிரைவர் சொன்ன புகார் சரி, அவரை நாம் அவமானப்படுத்தி அனுப்பினோம், இதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுத வேண்டும் என்றேன். அந்த அவமானத்தில் எனக்கும் பங்கு உண்டு என்றும் சொன்னேன். தலைவர் முதலில் மறுத்தார். பிறகு முணுமுணுத்துக்கொண்டே இரண்டு வரி எழுத ஒப்புக்கொண்டார். வேலையைத் திரும்பத் தருவதாகவும் சொன்னார்கள்.

அந்த இரண்டு வரியை ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு ஓடினேன். அவர் வாசலில் வலை பிரித்துக்கொண்டிருந்தார். படித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டார்.

"சரி" என்றார்.

"வேலைக்குக் கூப்பிடறாங்க."

"வேணாம். அண்ணனுக்கு ஆள் இல்ல."

"என் மேல கோவமா?"

"உன் மேல இன்னாத்துக்குக் கோவம்? கேக்கலன்னா கேக்கலன்னுதானே சொல்ல முடியும்" என்றார். பிறகு, "குழம்பு இன்னா வச்ச?" என்று கேட்டார்.

அதற்கப்புறம் நாங்கள் ஆறு வருஷம் குடும்பம் நடத்தினோம். இன்னொரு பெண் பிறந்தாள். வெளியிலிருந்து பார்த்தால் எங்களிடம் ஒரு குறையும் தெரியாது. ஆனால் அவர் கேட்டது எதையும் அதற்குப் பிறகு என்னிடம் வந்து சொன்னதில்லை. ஸ்டவ் காற்றுக் குறைந்தால் தானே எழுந்துவந்து பம்ப் அடித்துவிட்டுப் போய்விடுவார். சின்னவளுக்குச் சளி பிடித்தால் அவளைத் தூக்கிக்கொண்டு நேரே டாக்டரிடம் போய்விடுவார். நான் ஆபீசிலிருந்து வந்த பிறகுதான் தெரியும்.

எண்பதுகளின் கடைசியில், ஒரு மழைக்காலத்தில் கரையில் விழுந்துவிட்டார் என்று வந்து சொன்னார்கள். பொன்னேரி ஆஸ்பத்திரியில் டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துப் பார்த்துவிட்டு, "எத்தனை நாளா நெஞ்சு வலி?" என்று கேட்டார். நான் "இன்னிக்குத்தான் சார்" என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் சொல்லிவிட்டார்.

"தீபாவளிக்கு முன்னாடியேர்ந்து இருக்குது. நடந்தா அடைக்கும். நெஞ்சு தப்பித்தப்பி அடிக்கறது எனக்கே கேக்கும்."

அவர் அண்ணனுக்குத் தெரிந்திருந்தது. படகில் கூட இருந்த இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது. ஒரே கூரைக்குக் கீழே பக்கத்தில் படுத்திருந்த எனக்குத் தெரியாது.

டாக்டர் போன பிறகு கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "ஏங்க, என்கிட்ட ஏன் சொல்லல?" என்று கேட்டேன்.

"நீ ஆபீசுக்குப் போவணும், பசங்களப் பாக்கணும். எதுக்கு உனக்குத் தொந்தரவுன்னு விட்டுட்டேன்" என்றார். நல்ல மனுஷன் ஒருவர், முகம் மட்டும் தெரிந்த யாரிடமோ பேசுகிற மாதிரி அவ்வளவு பதமாகச் சொன்னார்.

பதினோரு நாள் இருந்தார். நான் லீவு போட்டுவிட்டு அவர் கூடவே இருந்தேன். ஒரு மத்தியானம், அவர் தூங்குகிறார் என்று நினைத்துக் குனிந்து அவர் நெஞ்சில் காதை வைத்தேன். அவர் கண்ணைத் திறந்து பார்த்தார். என் தலையைத் தள்ளவில்லை. நர்ஸ் வந்து, "எழுந்திருங்கம்மா, பேஷண்ட்டுக்கு மூச்சு முட்டும்" என்று சொல்லும் வரைக்கும் அப்படியே இருந்தேன். மறுநாள் அவர் போய்விட்டார்.