ஏழாவது வாசல்

வார்சாவின் பழைய நகரத்தில் சுற்றுலா வழிகாட்டியாக இருந்த ரெகினா பீலத், எந்தக் கூட்டத்தை அழைத்துப் போனாலும் பிவ்னா தெருவில் ஒரு வாசலுக்கு எதிரே நிற்காமல் போனதில்லை. நிலைக்கு மேலே முழங்கை நீளத்துக்கு ஒரு கல் மீன். வால் நுனி மட்டும் உடைந்திருக்கும். "இந்தத் தெருவில் மற்றதெல்லாம் போருக்குப் பிறகு கட்டியவை. இந்த மீன் பழசு. இடிபாட்டிலிருந்து எடுத்து, இருந்த இடத்திலேயே பதித்தார்கள்" என்பாள். அந்த வீட்டின் நிலவறையில் தன் அம்மாவும் ஐந்து வயதுத் தம்பி விதெக்கும் கிடக்கிறார்கள் என்பதைக் கூட்டத்துக்குச் சொன்னதில்லை.

1944 ஆகஸ்ட் கடைசியில் அவளுக்குப் பன்னிரண்டு வயது. விமானக் குண்டுகளுக்குப் பயந்து தெருவே நிலவறைகளில் ஒளிந்திருந்தது. அம்மா அவளிடம் வாளியைக் கொடுத்துக் கிணற்றுக்கு அனுப்பினாள். வரிசை நீளம். திரும்பி வந்தபோது வீடு இல்லை. நான்கு மாடியும் குவியலாகக் கிடந்தது. தண்ணீரைக் கீழே வைக்கத் தோன்றாமல் வெகுநேரம் நின்றிருந்தாள். பிறகு யாரோ கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள்.

நகரத்தைத் திரும்பக் கட்டும்போது அவளுக்கு இருபது வயது. செங்கல் சுமந்தாள். பழைய ஓவியங்களைப் பார்த்து வரைபடம் போட்டார்கள். ஓவியத்தில் இல்லாததைப் பழைய குடிகளிடம் கேட்டார்கள். ஒருநாள் பொறியாளர் ஒருவர் தள்ளுவண்டியில் கிடந்த கல் மீனைக் காட்டி, "இது எந்த வீட்டுதுன்னு யாருக்காவது தெரியுமா?" என்று கேட்டார்.

"எங்க வீட்டுது" என்று ரெகினா கை தூக்கினாள். தெரு என்று சொல்லத் தெரு இல்லை. செங்கல் மேடுகள்தான். தெருவிலிருந்த புனித மார்ட்டின் கோயிலின் மிச்சச் சுவரிலிருந்து மேடு மேடாக எண்ணிக்கொண்டே நடந்தாள். சின்ன வயதில் இருட்டிலும் எண்ணி வந்த கணக்கு அது. "ஏழாவது. இங்கதான்." எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். மீன் அங்கே ஏறியது.

அதன்பின் அவள் வாழ்க்கை அந்த வாசலைச் சுற்றியே அமைந்தது. கட்டிக்கொள்ளக் கேட்டவனுக்கு வ்ரோத்ஸ்வாஃபில் வேலை கிடைத்தது. அவள் ஊரை விட்டு வரமாட்டேன் என்றுவிட்டாள். தினமும் அந்த வழியே போகலாம் என்பதற்காகவே வழிகாட்டித் தேர்வு எழுதினாள். ப்ருத்னோ இடுகாட்டில், வீடு இடியும் முன்பே இறந்துவிட்ட அப்பாவின் கல்லறைக் கல்லில் அம்மா பெயரையும் விதெக் பெயரையும் முன்கூட்டியே வெட்டி வைத்தாள். இருவரையும் எடுத்து அங்கே படுக்கவைக்க வேண்டும். வேண்டியது அவ்வளவுதான். மூன்று முறை மனு கொடுத்தாள். ஆட்கள் குடியிருக்கும் வீட்டின் அடியைத் தோண்ட முடியாது என்று மூன்று முறையும் பதில் வந்தது.

நவம்பர் முதல் நாள், ஊரே கல்லறைகளில் விளக்கேற்றும்போது, அவள் மட்டும் மீன் வீட்டுப் படியில் கண்ணாடிக் குடுவை விளக்கு வைப்பாள். அந்த வீட்டின் கீழ்த்தளத்தில் குடியிருந்த கெனோவெஃபா சன்னலில் முழங்கையை ஊன்றிக்கொண்டு, "கவலப்படாதடி, உன் மீனு இன்னும் நீந்திப் போகல. விளக்க ஓரமா வை, என் பூனை மீசையக் கருக்கிக்கும்" என்பாள். ரெகினா போன பிறகு விளக்கு அணைந்தால் கெனோவெஃபாவே திரும்பக் கொளுத்துவாள்.

1974 அக்டோபரில், மீன் வீட்டுக்குக் கோயில் பக்கமாக அடுத்த வீட்டில், வெந்நீர்க் குழாய் பதிக்கத் தோண்டினார்கள். மண் மூடிக் கிடந்த நிலவறை ஒன்று திறந்தது. ரெகினா ஆசிரியர் கூட்டம் ஒன்றுடன் வந்தபோது மேஸ்திரி ஃபெலிக்ஸ் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். வழக்கமாக, "ரெகினாம்மா, நாங்க தோண்டுற குழியையும் பழைய காலத்துதுன்னு காட்டிடுங்க" என்று கத்துகிற மனிதர்.

"இன்னைக்குக் கூட்டத்த அந்தப் பக்கமா கூட்டிட்டுப் போங்கம்மா. ரெண்டு பேர் இருக்காங்க. ஒண்ணு குழந்தை."

கூட்டத்தை நிற்கச் சொல்லிவிட்டு அவள் இறங்கினாள். மூன்றாவது படியில் கால் தானாக இடப்பக்கம் ஒதுங்கியது. பிறகுதான் பார்த்தாள், வலது முனை உடைந்திருந்தது. கூரை வளைவில் இரும்பு வளையம். அப்பா சைக்கிளை மாட்டுகிற வளையம். மூலையில், மக்கிய சின்னக் கோட்டில் மூன்று கறுப்புப் பித்தான், ஒரு பித்தளைப் பித்தான். டிராம் ஓட்டுநரான அப்பாவின் பழைய சீருடைச் சட்டையிலிருந்து வெட்டி அவளே தைத்தது.

"விதெக்" என்றாள்.

ஃபெலிக்ஸ் குழம்பினார். "உங்க வீடு பக்கத்து வீடாச்சே? மீனு அங்கல்ல இருக்கு?"

அவள் மேலே வந்து கோயிலிலிருந்து மறுபடி எண்ணினாள். நான்காவதில் நின்றாள். போருக்கு முன் அங்கே ரொட்டிக் கடை. கடைக்கு ஒரு வாசல், மாடிக்கு ஒரு வாசல். புதிதாகக் கட்டிய வீட்டுக்கு ஒரே வாசல்.

"சின்ன வயசுல நான் வாசல எண்ணியிருக்கேன்" என்றாள். "வீட்ட எண்ணல. ஏழாவது வாசல், ஆறாவது வீடு."

இருபத்திரண்டு வருடம், ஒரு சுவர் தள்ளி விளக்கு வைத்திருக்கிறாள்.

ஃபெலிக்ஸ் குரலைத் தாழ்த்தினார். "பதிவேட்டுல இன்னும் எழுதல. மீனு வீட்டு நிலவறையில கிடைச்சதுன்னு எழுதிடறேன். உங்க பழைய கையெழுத்தும் அதைத்தான சொல்லுது? நாளைக்கே தூக்கிட்டுப் போய் அப்பா பக்கத்துல வெச்சிடலாம். நடுவுல ஒரு சுவர், யாருக்குத் தெரியப் போவுது?"

"இன்னொரு தடவ தப்பான வாசல எழுத வேணாம் மேஸ்திரி. இருக்கறத எழுதுங்க. நான் நகராட்சி ஆபீஸுல போய்ச் சொல்றேன்."

"அங்க போய் நியாயம் பேசாதீங்கம்மா."

அவள் போனாள். அலுவலகத்து மனிதர் கோப்பைத் திறந்து அவளுடைய இருபது வயதுக் கையெழுத்தைக் காட்டினார்.

"வீடு இதுன்னு நீங்கதான எழுதிக் குடுத்தீங்க?"

"தப்பா எழுதிட்டேன்."

"அன்னைக்குத் தப்பா சொன்னவங்க இன்னைக்குச் சரியா சொல்றீங்கன்னு நான் எத வெச்சு நம்பறது?"

"பித்தான் இருக்கு. நான் தெச்சது."

"டிராம் பித்தான் இந்த ஊர்ல எத்தன ஆயிரம் இருந்திருக்கும்? அதுவும் அந்தச் சமயத்துல சுவத்த உடைச்சு நிலவறைக்கு நிலவறை போய்ட்டு வந்தாங்க. செத்தவங்க எந்த வீட்டுக்காரங்கன்னு யார் சொல்ல முடியும்? கூட்டத்துக்குத் தெனம் நீங்களே சொல்ற கதைதானம்மா இது?"

அவள் தினமும் சொல்வதுதான்.

மூன்றாம் நாள் இரண்டு பெட்டிகளும் இடுகாட்டில் பெயர் தெரியாதவர்களுக்கான பொது மனையில் இறங்கின. அதே வாரம் வேறு வேறு தெருக்களில் கிடைத்தவர்களோடு சேர்த்து ஒரே குழி. எந்தப் பெட்டி எங்கே என்று குழி வெட்டியவர்களும் குறித்துக்கொள்ளவில்லை. பித்தான் ஒரு காகித உறைக்குள் போய் எண் வாங்கிக்கொண்டது. ஃபெலிக்ஸ் வந்திருந்தார். "நான் எழுதியிருந்தா..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்.

"ஆமா" என்றாள் ரெகினா.

மறுநாள் வேலைக்கு வந்தாள். மீனுக்கு எதிரே நின்று, "இந்தக் கல் பழசு. இடம் தப்பு. தப்பாகக் காட்டியது நான்" என்றாள். யாரோ மீனைப் படம் எடுத்தார்கள். பின்னாலிருந்த ஒருவர், "ஒரு வீடுதானே தள்ளி?" என்றார். அவள் அடுத்த தெருவுக்குத் திரும்பினாள்.

நவம்பர் முதல் நாள் பொது மனையில் விளக்கு வைத்துவிட்டு, மதியத்துக்கு மேல் பிவ்னா தெரு வழியாக நடந்தாள். அடுத்த வீட்டில் குழாய் பதித்து, மண் கொட்டி, மேலே கல் பாவியிருந்தார்கள். மீன் வீட்டுப் படியில் கெனோவெஃபா உட்கார்ந்திருந்தாள். சன்னலை விட்டு அவள் வெளியே வந்து ரெகினா பார்த்ததில்லை.

"ஃபெலிக்ஸ் எல்லாம் சொன்னாரு" என்றாள் கெனோவெஃபா. "ஒண்ணு கேக்கறேன், கோச்சுக்காத. உங்காளுங்க அந்த வீட்டுல இருந்தாங்கன்னா, என் வீட்டுக்கு அடியில யாருடி?"

ரெகினா யோசித்தாள். ஏழாவது வீட்டில் கடிகாரம் பழுது பார்க்கிற ஒருவர் இருந்தார். மனைவி, இரண்டு பெண்கள். பெரியவளுக்கு மாறுகண். பெயர்கள் நினைவுக்கு வரவில்லை. போருக்குப் பிறகு அவர்களைத் தேடி யாரும் வந்ததாகவும் தெரியவில்லை.

"தெரியல" என்றாள்.

"குளுருக்கு முன்ன உருளைக்கிழங்கெல்லாம் அவங்க தலைமேலதான் குமிச்சு வெச்சிருக்கேன்" என்றாள் கெனோவெஃபா. அன்று அவள் கேலி பேசவில்லை. படியில் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாள்.

ரெகினாவின் பையில் பழக்கத்தில் வாங்கிய இன்னொரு குடுவை இருந்தது. எடுத்துப் படியின் ஓரத்தில், பூனைக்கு எட்டாதபடி வைத்தாள். காற்றில் மூன்று தீக்குச்சி வீணானது. நான்காவதைக் கெனோவெஃபா கையைக் குவித்துக் காற்றுப் படாமல் மறைத்தாள்.