தம்பியைத் தேடிப் போன இடமெல்லாம் சபை வைத்தவர்

எங்கள் அப்பா கர்த்தருக்குள் நித்திரையடைந்து ஓராண்டு நிறைவடைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் ஏந்தியிருக்கும் உங்களில் பலர் அவரைப் போதகராகவே அறிவீர்கள். வெள்ளைச் சட்டையும் பழைய மோட்டார் சைக்கிளும் யார் கூப்பிட்டாலும் கிளம்பிவிடும் கால்களுமாக இருந்தவர் அவர். அதற்கு முன்பிருந்த வாழ்க்கையையும் எழுதிவிட வேண்டும் என்று அம்மா என்னைக் கேட்டுக்கொண்டார்கள். மகள் என்ற முறையில் எழுதுகிறேன். அழுகை வந்து இரண்டு முறை நிறுத்திவிட்டுத்தான் தொடர்ந்தேன்.

அப்பா கேரி தீவில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் பிறந்தார். சிறு வயதிலேயே பெற்றோரை இழந்தார். கூடப் பிறந்தவர் ஒரே ஒரு தம்பி, எங்கள் சித்தப்பா முனியாண்டி. இருவரும் இளைஞர்களாக இருந்தபோது ஒரு காண்ட்ராக்டர் வந்து, பகாங் காட்டில் மரம் வெட்டும் வேலை இருக்கிறது, நல்ல சம்பளம் என்று ஆசை காட்டினார். நம்பி லோரியில் ஏறினார்கள். இறங்கியவுடன் ஐசி என்ற அடையாள அட்டையைப் பிடுங்கிக்கொண்டார்கள். அதன் பிறகு சம்பளமும் இல்லை, வெளியே போக வழியும் இல்லை. வேலை முடிந்ததும் கொங்சி என்ற பலகைக் கொட்டகையில் எல்லோரையும் அடைத்து வெளியே பூட்டிவிடுவார்கள். ஓடப் பார்த்தவரை மற்றவர்கள் கண் முன்னாலேயே அடிப்பார்கள். அப்பாவின் முதுகில் இருந்த தழும்புகளை நாங்கள் குழந்தைகளாக இருந்தபோது தடவிப் பார்த்திருக்கிறோம்.

அப்பா இதை ஒருபோதும் மறைத்ததில்லை. பிரசங்கத்தில், "நான் அடிமையா இருந்தவன்" என்று தொடங்குவார். புதிதாக வந்தவர்கள் பக்தியோடு "ஆமென்" என்பார்கள். அப்பா சிரித்துவிடுவார்.

"பாவத்துக்கு அடிமைன்னு நெனச்சிட்டீங்களா? அது வேற கதை. இது மனுஷனுக்கு மனுஷன் அடிமைலா."

ஒரு நாள் மரம் சரிந்து சித்தப்பாவின் கால் நசுங்கியது. மருத்துவமனைக்குக் கொண்டுபோக யாரும் முன்வரவில்லை. காயம் சீழ் பிடித்தது. அடுத்து மரம் ஏற்ற லோரி வந்தபோது பெருமழை. காவலுக்கு இருந்த காண்ட்ராக்டரின் ஆட்கள் ஒதுங்கி நின்ற நேரம் பார்த்துச் சித்தப்பா சொன்னாராம்:

"நீ ஏறிப் போயிடு அண்ணே. என்னால ஓட முடியாது. போலீஸக் கூட்டிட்டு வந்துடு."

அப்பா தார்ப்பாயின் கீழ் படுத்துக்கொண்டு கிள்ளான் வரை வந்தார். லோரி ஓட்டிய மலாய்க்காரர் வழியில் அவரைப் பார்த்துவிட்டார். ஆனாலும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தன் சட்டையைக் கழற்றிக் கொடுத்து, ஒரு தமிழ்ச் சபையின் வாசலில் இறக்கிவிட்டுப் போனார். அந்தச் சபையின் போதகர் அப்பாவுக்குச் சோறு போட்டு, கையோடு காவல் நிலையத்துக்கு அழைத்துச் சென்றார். மறுநாளே போலீஸாருடன் அப்பா காட்டுக்குத் திரும்பினார். கொங்சி திறந்து கிடந்தது. அப்பா தப்பியது தெரிந்ததும் எல்லோரையும் வேறு லோரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். சித்தப்பாவின் காலில் அப்பா கட்டிவிட்ட கைலித் துணி மட்டும் தரையில் கிடந்தது.

அன்றிலிருந்து அப்பாவை வாட்டியது ஒன்றுதான். தம்பி இறந்திருப்பானோ என்ற பயத்தைவிட அது பெரிதாக இருந்தது.

"அண்ணன் தப்பிச்சான், திரும்பியே பாக்கலன்னு நெனச்சிருப்பான். நான் போனேன்னு அவனுக்கு யார் சொல்லுவா?" என்பார்.

அந்தப் போதகர் வீட்டில்தான் அப்பா எழுத்துக் கூட்டி வாசிக்கக் கற்றார், ஞானஸ்நானம் பெற்றார். பிரிக்பீல்ட்ஸில் பகலில் சுமை தூக்கினார், மாலையில் வேதபாடம் படித்தார். ரயில்வே குடும்பத்துப் பெண்ணான எங்கள் அம்மாவை அங்கேதான் மணந்தார். "கையில காசு இல்ல, முகத்துல சிரிப்பு இருந்துச்சு. சரின்னுட்டேன்" என்று அம்மா இன்றும் சொல்வார்கள்.

விடுமுறை கிடைத்தாலே தம்பியைத் தேடிக் கிளம்பிவிடுவார். கிள்ளானில் டயர் கடையில் நொண்டி நடக்கும் ஒருவர் இருக்கிறார் என்று கேள்விப்பட்டுப் போனார். அது வேறு யாரோ. ஆனால் அந்த மனிதர், தனக்காக ஜெபிக்க ஆளில்லை என்று அழுதார். அப்பா அடுத்த வாரமும் அவரைப் பார்க்கப் போனார். அந்தக் கடையின் மேல்மாடியில்தான் முதல் சபை தொடங்கியது. கேரி தீவுக்குப் போனபோது ஒரு தாயார் வாசலிலேயே நிறுத்திக்கொண்டார்.

"உங்க தம்பி இங்க இல்ல பாஸ்டர். வந்ததுதான் வந்தீங்க, என் மவனுக்கு ஒரு ஜெபம் பண்ணிட்டுப் போங்களேன்."

அது இரண்டாவது சபை. ஷா ஆலமில் தொழிற்சாலைப் பக்கம் தேடப் போனதில் மூன்றாவது. "இவரு எங்க சபை வெச்சாரு? தம்பியத் தேடுனாரு, சபை தானா வந்துச்சு" என்று அம்மா கேலி செய்வார்கள். அப்பா மறுக்கமாட்டார். ஒவ்வொரு ஞாயிறும் நோயாளிகளுக்காக வேண்டிய பிறகு, இன்னும் வீடு வந்து சேராதவர்களுக்காகவும் வேண்டுவார்.

கடைசி நாட்களில் சிறுநீரகம் செயலிழந்து மருத்துவமனையில் இருந்தபோது நினைவு தடுமாறியது. "லோரி வந்துடுச்சாம்மா?" என்று என்னைக் கேட்பார். இன்னும் வரவில்லை என்றால் சற்று நிம்மதியாகக் கண் மூடுவார். ஒரு பகல் வேளையில் அப்படி மூடிய கண்களை அவர் மறுபடி திறக்கவில்லை.

மரண அறிவிப்பு தயாரித்தபோது வீட்டில் சின்ன வாக்குவாதம் வந்தது. சித்தப்பாவின் பெயருக்கு முன் 'காலஞ்சென்ற' என்று போடுவதுதான் முறை, இத்தனை வருடமாகிவிட்டதே என்றார் என் அண்ணன். அதுவரை அழாமல் இருந்த அம்மா அப்போது அழுதுகொண்டே கேட்டார்கள்:

"ஊருல பாதிப் பேருக்கு உங்கப்பாதான் அடக்க ஆராதனை நடத்துனாரு. தம்பிக்கு நடத்துனாராடா?"

அண்ணன் அந்த வார்த்தையை அடித்துவிட்டார்.

அப்பாவைக் கண்போல் பார்த்துக்கொண்ட தாதியருக்கும், மூன்று சபைகளிலிருந்தும் வந்து சமைத்து, சுமந்து, பாடி வழியனுப்பிய சகோதர சகோதரிகளுக்கும், பெயர் தெரியாத அந்த லோரிக்காரருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி என்றும் உண்டு.

இந்த மலரிலும் சித்தப்பாவின் பெயரை உயிரோடு இருப்பவர்களுடன்தான் போட்டிருக்கிறோம். காலை இழுத்து நடக்கும், முனியாண்டி என்ற பெயருள்ள முதியவர் எவரையாவது நீங்கள் சந்தித்தால், தயவுசெய்து அவரிடம் இந்தப் பக்கத்தை வாசித்துக் காட்டுங்கள்.

சித்தப்பா, உங்கள் அண்ணன் மறுநாளே போலீஸோடு திரும்பி வந்தார். நீங்கள்தான் அங்கே இல்லை.