கை சும்மா இருக்காத பயிற்சியாளர்

"அசையாதீங்க. ஊசி தொடையில ஏறிச்சுன்னா என்னைக் குத்தம் சொல்லக் கூடாது."

உடை மாற்றும் அறையில், இரண்டு கைகளையும் கால்சட்டைப் பைக்குள் விட்டபடி ஏணி நின்றான். அவன் மனைவி சட்டைக் கையின் நுனியைப் பையின் வாயோடு சேர்த்துத் தைத்துக்கொண்டிருந்தாள். துணி தைப்பதுதான் அவள் தொழில். கட்டிய புருஷனையே தைப்பது இதுதான் முதல் தடவை.

"மூக்கு அரிச்சா என்ன பண்றது?"

"பொறுத்துக்கணும். இத்தனை நாள் நான் உங்களைப் பொறுத்துக்கலையா?"

ஏணி என்பது பள்ளிக்கூடத்தில் விழுந்த பெயர். கூரைமேல் சிக்கிய இறகுப்பந்தை எம்பாமலே எடுத்துக்கொடுத்தான். அதைப் பார்த்த விளையாட்டு வாத்தியார் அன்று மாலையே அவனைக் கூடைப்பந்துத் திடலுக்கு இழுத்துக்கொண்டு போனார். வீட்டில் யாரும் தடுக்கவில்லை. அவன் கால் நீட்டிப் படுத்தால் மற்றவர்கள் தாண்டித்தான் சமையலறைக்குப் போக வேண்டியிருந்தது; வெளியே போனால் போதும் என்றிருந்தார்கள்.

பிறகு சம்பளத்துக்கு ஆடும் அணியில் சேர்ந்தான். அங்கே அவனுக்கு ஒரே வேலை. கூடைக்குக் கீழே நின்று, வளையத்தில் பட்டுத் திரும்பும் பந்தைப் பிடிக்க வேண்டும். பந்து எந்தப் பக்கம் வரும் என்று அவனுக்குத் தெரியாது. கைக்குத் தெரியும். தலை நரைக்கும்வரை அதையே செய்ததில், கை அவன் பேச்சைக் கேட்பதை நிறுத்திவிட்டது. ஒருநாள் மாடியிலிருந்து ஒரு பெண் தன் கணவனுக்குச் சாவியைப் போட்டாள். தெருவோடு போன ஏணி அதை நடுவழியில் பிடித்துவிட்டான். அந்த மனிதர் ஏந்திய கையோடு அவனையே பார்த்துக்கொண்டு நின்றார்.

முழங்கால் போனதும் பயிற்சியாளன் ஆனான். வம்பு அங்கேதான் ஆரம்பித்தது. ஆட்டம் நடக்கும்போது பயிற்சியாளன் பந்தைத் தொட்டால் எதிரணிக்கு ஒரு தண்ட எறிதல்; யாரும் மறிக்காமல் நின்று கூடையில் போடலாம். முதல் ஆட்டத்தில் தொட்டான். இன்னொரு ஆட்டத்தில் எட்டிப் பிடித்ததோடு நிற்காமல், தன் அணித் தலைவனுக்கு அழகாகத் தள்ளியும் கொடுத்தான். ஜனம் கைதட்டியது. நடுவர் தட்டவில்லை.

அணியை நடத்தும் மன்றத்தின் செயலாளர் டயர் கடைக்காரர். சுற்றி வளைக்காமல் சொன்னார்: "இனிமே ஒரு தடவை பந்து மேல கை பட்டுச்சு, அதோட நீங்க வேற வேலை பாத்துக்கலாம்."

ஏணிக்குத் தெரிந்த வேறு வேலை, ஸ்டூல் போடாமல் பல்பு மாட்டுவது. அதற்கு யார் மாதச் சம்பளம் தருவார்கள்? அதனால்தான் இந்தத் தையல்.

அரங்கத்துக்குள் நுழைந்ததும் எதிரணிப் பயிற்சியாளன் கரடி எதிரே வந்தான். ஆடிய காலம் முழுக்க, ஒரே கூடைக்கடியில் ஏணியின் விலாவில் முழங்கையால் இடித்தே பிழைத்தவன்.

"என்னடா ஏணி, கையைப் பையில வச்சிருக்க? குளிருதா?"

"ஆமா, லேசா."

வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. கரடி பையையும் நூலையும் பார்த்தான். பிறகு தன் ஆட்களைக் கூப்பிட்டு, ஏணியின் காதில் விழும்படியே சொன்னான்: "பந்தை அவன் மூஞ்சிக்கு முன்னாடி காட்டிக்கிட்டே இருங்கடா. மிச்சத்தை அவன் பாத்துக்குவான்."

காட்டினார்கள். கைமாற்றும் பந்தெல்லாம் ஏணியின் மூக்கை உரசிக்கொண்டு போனது. ஒவ்வொரு தடவையும் அவன் தோள் துள்ளியது. கால்சட்டை மார்புவரை ஏறி இறங்கியது. கணுக்காலைப் பார்த்துச் சிரித்தவர்கள் முழங்காலையும் பார்த்தார்கள். இடைவேளைக்குப் பிறகு இடது பக்கம் நூல் பட் பட்டென்று விட ஆரம்பித்தது.

"உக்காருங்க! உக்காந்து தொலைங்க!" என்று பின்வரிசையிலிருந்து மனைவி கத்தினாள்.

உட்கார்ந்தான். முழங்கால்கள் மோவாய்க்கு வந்தன.

ஆட்டம் முடியும் நேரம். இரண்டு அணியும் சமம். கரடியின் ஆள் ஒருவன் பந்தை ஏணியின் மடியைப் பார்த்தே எறிந்தான். இடது கை பையைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது. ஏணி இடப்பக்கமாகச் சாய்ந்து, பெஞ்சோடு கவிழ்ந்து, வந்த கையின் மேலேயே படுத்துக்கொண்டான். பந்து அவனைத் தாண்டிப் போய்த் தண்ணீர்ப் பாட்டில்களைச் சிதறடித்தது.

கோட்டுக்கு வெளியே போன பந்து, ஆகவே ஏணியின் அணிக்கு. அணித் தலைவன் வாங்கிக் கூடையைப் பார்த்து எறிந்தான். வளையத்தில் பட்டு, உயர எழும்பி, எதிர் ஓரத்துக்கு வந்தது.

அங்கே கரடி நின்றிருந்தான்.

கோட்டை இன்னும் தாண்டாத பந்தை, கால் அகட்டி, எம்பி, இரண்டு கையாலும் பறித்து மார்போடு அணைத்து, யாரும் பிடுங்காதபடி முழங்கைகளை விரித்துக்கொண்டான். உறுமவும் செய்தான்.

விசில். கரடி தன் கையில் இருந்ததை, யாரோ திணித்துவிட்டுப் போன கைக்குழந்தையைப் போலப் பார்த்தான்.

"நான் இல்லடா," என்றான், எதிர்ப்பக்கம் தரையில் கிடந்தவனைப் பார்த்து. "என் கைடா."

"தெரியும்டா," என்றான் ஏணி.

அணித் தலைவன் தண்ட எறிதலைக் கூடையில் போட்டான். அதோடு ஆட்டம் முடிந்தது. மனைவி வந்து, பெஞ்சை நகர்த்தி, அவனை உட்கார வைத்து மூக்கைச் சொறிந்துவிட்டாள்.

மறுநாள் மழை. ஏணி வழக்கம்போல அரங்கத்தைத் திறந்து, கூரை ஒழுகிய இடத்தில் வாளி வைத்தான். செயலாளர் வந்து, அடுத்த வருஷமும் நீங்களே இருங்கள் என்றார். சரி என்றான். இரண்டு பேர் பயிற்சிக்கு வரவில்லை. ஒருவனுக்குக் காய்ச்சல், இன்னொருவன் காரணம் சொல்லவில்லை. பந்துகளுக்குக் காற்றடித்தார்கள். சாயங்காலம் கதவைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போனான்.