காலண்டர் ஆணி

உயரத்தில் ஏறி வேலை செய்பவர்களுக்குப் பாஸ் தருமுன் அரை நிமிடம் ஒற்றைக்காலில் நிற்கவைப்போம். கும்மிடிப்பூண்டித் தொழிற்சாலையில் அந்தப் பாஸில் விழுவது என் கையெழுத்து. எங்கள் குடும்பத்தில் கைநாட்டு வைக்காத முதல் ஆள் நான்தான். இன்று காலை ஒரு பெயின்டர் ஆடாமல் நின்றார். ஆனால் சுவரிலிருந்த ஆணியை விட்டு அவர் கண் நகரவே இல்லை.

அந்தப் பார்வை எனக்குத் தெரியும்.

நைனா அத்திப்பட்டு அனல்மின் நிலையத்தில் புகைபோக்கிக்குப் பெயின்ட் அடித்த காலம். மாலையில் சுவரைத் தொட்டுத் தொட்டுத்தான் வீட்டுக்குள் வருவார்.

"உங்க நைனா குடிச்சிக்கினு வருது. போய் வாயை மோந்து பாரு" என்று அம்மா என்னை அனுப்புவாள்.

பீடியும் பெயின்டில் கலக்கும் தின்னரும்தான் வீசும். அம்மா நம்பமாட்டாள். நானும்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் காலண்டர் ஆணியைப் பார்த்தபடி ஒற்றைக்காலில் நின்று பழகிக்கொண்டிருந்தார். நான் விளையாட்டாக முக்காலியில் ஏறி, பின்னாலிருந்து அவர் கண்களைப் பொத்தினேன். அப்படியே சாய்ந்து விழுந்தார்.

"காதுல இன்னாவோ கோளாறாம், கண்ணு. கண்ணை மூடுனா நிக்க முடியல. அம்மாகிட்ட சொல்லாத. பாஸைப் புடுங்கிடுவாங்க."

சொல்லிவிட்டேன். அம்மா அந்தப் பாஸை அடுப்பில் போட்டாள். நைனா ஒரு மாதம் என்னோடு பேசவில்லை.

"கண்ணை மூடிக்கினு நில்லுங்கண்ணா" என்று இன்று அந்தப் பெயின்டரிடம் சொன்னேன்.

"இன்னாம்மா, எம்மேல சந்தேகமா?" என்று பெயின்டர் சிரித்தார். கண்ணை மட்டும் மூடவில்லை.

விழுந்தால் பிடிக்க, இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு அவர் பக்கத்தில் போய் நின்றேன்.