ஃபேன் பெல்ட்

பழைய ஜீப்பை உயர்த்தி, பெரிய ரயர் பூட்டித் தந்த விசுவமடு மெக்கானிக்கை நான் நம்பவில்லை. பொருளாதாரத் தடைக்காலம்; கிடைக்காத உதிரிப்பாகம் களவு போகும். பிரசவ வலியோடு இருந்த தங்கையைக் காட்டுப்பாதையால் ஆசுப்பத்திரிக்கு ஏற்றிப் போனபோது, துணைக்கென்று அவரும் வந்தார். அதுவும் எனக்குச் சந்தேகம்தான்.

ஆற்றங்கரையில் ஃபேன் பெல்ட்டைக் கழற்றித் தன் பைக்குள் போட்டு, பையை ஜீப்பில் வைத்துவிட்டு, ஆழம் பார்க்க இறங்கினார். கள்ளன் என்றே முடிவுகட்டி, அதை எடுத்து மறுபடி பூட்டினேன்.

நடு ஆற்றில் ஃபேன் தண்ணீரை அள்ளி எஞ்சின்மேல் அடிக்க, எஞ்சின் நின்றது. பொனற்றைத் திறந்தவர் பெல்ட்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"என்ன நடந்தது?" என்று தங்கை முனகினாள்.

"தண்ணிக்குள்ளை இறங்க முதல் பெல்ட்டைக் கழட்ட வேணும். நான் மறந்திட்டன், தங்கச்சி."

பெல்ட்டைக் கழற்றி, தன் சட்டையால் பிளக்குகளைத் துடைத்து எஞ்சினைக் கிளப்பினார்.

அவரது மறதியைச் சொல்லித் தங்கை இன்றும் சிரிப்பாள். நான் திருத்தியதில்லை.