தங்கையிடம் நான் மறைத்த ஒரு டம்ளர் காப்பி

சேலத்துக்கு மேலே மலையிலிருக்கும் வெள்ளக்கடையில் பிறந்து, மூளை அறுவைச் சிகிச்சை மருத்துவராக உயர்ந்து, சென்ற ஆண்டு மாரடைப்பில் எங்களைப் பிரிந்த என் தங்கையின் நினைவு மலருக்கு, இந்த அண்ணன் தன் கைப்பட எழுதுவது. நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. ஒரே ஒரு பழைய ஜீப்பில் தொடங்கி, இன்று காப்பித் தோட்டமும் நான்கு வண்டிகளுமாக நிற்கிறேன். தங்கையைப் படிக்க வைத்தவனும் நானே. சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சம் கிடையாது.

எங்கள் ஊரிலிருந்து அந்தப் படிப்புக்குப் போன முதல் பெண் அவர். அந்தத் துறையிலும் அவர் ஒருவரே பெண். ஆபரேஷன் தியேட்டரில் பெண்களுக்கு உடை மாற்ற அறை இல்லாமல் துணி மூட்டைகளுக்கு நடுவே நின்று மாற்றினார். "எட்டு மணி நேரம் நிக்கணும்மா, முடியுமா?" என்று பெரிய டாக்டர் கேட்டாராம். "எங்கம்மா மிளகுப் பறிப்புல நாள் பூரா ஏணிலதானுங்க சார் நிக்கறாங்க" என்றாராம் தங்கை.

அப்படி ஒரு மிளகு ஏணியிலிருந்துதான், சில வருடங்களுக்கு முன் தை மாதத்தில், என் மனைவி விழுந்தாள். "ஒண்ணுமில்லீங்க" என்று எழுந்து போய்ப் படுத்தாள். தூங்கட்டும் என்று விட்டேன். மதியம் எழுப்பினால் பேச்சு குழறியது. தங்கைக்குப் போன் போட்டேன்.

"அண்ணா, டார்ச் அடிச்சுப் பாருங்க. ரெண்டு கண்ணுலயும் நடுவுல இருக்கற கறுப்புப் பொட்டு ஒரே அளவா இருக்குதா?"

"இடது பக்கம் பெரிசா இருக்குது கண்ணு."

"உடனே சேலத்துக்கு என் ஆஸ்பத்திரிக்குக் கெளம்புங்க. வாயில எதுவும் ஊத்தாதீங்க."

மலை இறங்கும்போது அவள் கண் சொருகிக்கொண்டே போனது. எங்கள் தோட்டக்காரர்களுக்குச் சாப்பாடு வேறு, காப்பி வேறு; தங்கை சொன்ன தடையில் காப்பி வராது என்று நினைத்துக்கொண்டேன். என் தோட்டத்துக் காப்பிக்குத் தெளியாத மயக்கமா என்று பிளாஸ்கைத் திறந்து ஒரு டம்ளர் புகட்டினேன். அடுத்த வளைவில் அவள் கண் திறக்கவே இல்லை.

சேலத்தில் ஸ்டிரெச்சரோடு தங்கை காத்திருந்தார். "அண்ணி கடைசியா என்ன சாப்பிட்டாங்க?"

"காலைல களி. அதோட சரி."

நர்சுகள் ஓடினார்கள். தங்கை மட்டும் நகரவில்லை. என் சட்டையில் சிந்தியிருந்த கறையையே பார்த்தார்.

"மயக்க மருந்து குடுக்கப் போறோம். வயித்துல இருக்கறது மேல வந்து நுரையீரலுக்குள்ள போனா, நான் தலையைத் திறந்தும் பிரயோசனமில்லீங்ண்ணா. உங்களை யாரும் திட்டமாட்டாங்க. சொல்லுங்க."

ஊரே கைகட்டி நிற்கிற ஆள் நான். சட்டைக் கறையைக் கையால் மறைத்தேன். கதவு மூடப் போனபோதுதான், "ஒரு டம்ளர் காப்பி, சாமி" என்றேன். "எப்போ?" "பாதி மலையில." அவர் உள்ளே திரும்பி மயக்க மருந்து டாக்டரிடம் ஏதோ சொன்னார். கதவு மூடியது.

நான்கு மணி நேரம் நானும் நின்றுகொண்டே இருந்தேன். மறுநாள் கண் விழித்தவள் முதலில் கேட்டது, "மிளகு காயப்போட்டீங்களா?"

அந்தக் காப்பியைப் பற்றி, மயக்க மருந்து டாக்டரைத் தவிர, தங்கை சாகும்வரை வேறு யாரிடமும் மூச்சு விடவில்லை. என் மனைவியே இந்த மலரைப் படித்துத்தான் தெரிந்துகொள்வாள். திட்டுவாள், திட்டட்டும்.

கடைசிக் காரியத்துக்கு மலையேறி வந்த டாக்டர்கள், நர்சம்மாக்கள், தோள் கொடுத்த ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் என் கும்பிடு. தலையில் அடிபட்டவருக்கு வாயில் எதையும் ஊற்றாதீர்கள். காப்பியும் சேர்த்தித்தான்.